சிவப்புக்கு டவுன், வெள்ளைக்குத் தோட்டம்

இரண்டு பள்ளியிலும் ஒரே படிப்பு. அதே எஸ்.டி.பி.எம். பரீட்சை, அதே ஒன்றரை வருஷம், அதே பாடங்கள், அதே தடித் தடிப் புத்தகங்கள். விசாரிக்கப் போன அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரப் பெண்மணி இரண்டு விரலை நீட்டி, "டுவா-டுவா சாமா லா, டிக்" என்றார். இரண்டும் ஒன்றுதான் தங்கச்சி, இதற்கா இவ்வளவு யோசனை என்கிற முகம். அவருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. இரண்டில் ஒன்று மட்டமாக இருந்திருந்தால் பேசாமல் மற்றதற்குப் போயிருப்பேன். இரண்டும் ஒன்றாகப் போனதால்தான் மூன்று வாரம் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்து, ஒரே வருஷத்தில் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மெட்ரிகுலேஷனுக்கு மனுப் போட்டு, அது கிடைக்காமல், உறவுக்காரர்கள் எல்லாரும் போனில் துக்கம் விசாரித்து முடித்திருந்த நேரம் அது. மிச்சமிருந்தது எஸ்.டி.பி.எம். எழுதும் ஆறாம் படிவம். "ரொம்பக் கஷ்டமாமே" என்று அவர்கள் இழுத்த இழுப்பைக் கேட்டால் என்னை ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எந்தப் பள்ளி என்று ஒரு பாரத்தில் எழுதித் தர வேண்டும். ஒரு பள்ளிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

ஒரு பள்ளி ஈப்போ டவுனில் இருந்தது. பழைய கட்டடம், உயரமான தூண்கள், வாசலில் குடை விரித்தது போல ஒரு பெரிய மரம். மற்றது எங்கள் வீடுகள் இருக்கும் தாமானை ஒட்டி இருந்தது, நான் ஐந்து வருஷம் படித்த அதே பள்ளி. ரப்பர் தோட்டத்தை விற்று வரிசை வீடுகள் கட்டியபோது கூடவே கட்டியது. அங்கே இப்போது ஒரு பால்மரம்கூடக் கிடையாது, ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்குத் தோட்டத்துப் பள்ளி என்றுதான் பெயர். ஆறாம் படிவத்துக்கென்று அதில் புதிதாக ஒரு பிளாக் எழுப்பியிருந்தார்கள்.

நான் டவுன் கட்சி. அப்பா தோட்டத்துக் கட்சி. அம்மாவுக்குப் பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. நாள் முழுக்க வாயைத் திறங்க, வாயைத் திறங்க என்று டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் எல்லாரும் வாயை மூடினால் போதும் என்கிற கட்சி.

என் காரணத்தை நான் வெளியே சொல்லவில்லை. ஒன்றாம் படிவத்தில், விளையாட்டுப் போட்டி நாளில், ஒரு மணி நேரம் வெயிலில் அணிவகுத்து நின்றேன். சிறப்பு விருந்தினர் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றபோது, காலையில் தின்ற நாசி லெமாக்கை அவருடைய வலது ஷூவின் மேல் வாந்தி எடுத்தேன். இடது ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்காகப் பேச அன்றைக்கு யாரும் இல்லை. அதிலிருந்து என் பெயர் 'காசுட்'. மலாயில் ஷூவுக்கு அதுதான் சொல். முதலில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், பிறகு ஆசிரியர்கள், மூன்றாம் படிவத்தில் கேன்டீன் அண்ணன். ஐந்தாம் படிவத்தில் பௌதிகத்தில் முதலாவதாக வந்தேன். பரிசு கொடுத்த ஆசிரியர் கையை நீட்டிக்கொண்டே காலை மட்டும் ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டார். ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் என்னை யாருக்கும் தெரியாத ஒரு வகுப்பறை.

அப்பா வயர்மேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவர். தோட்டத்துப் பள்ளியின் புது பிளாக்குக்கு வயரிங் செய்தது அவர் வேலை பார்க்கும் கான்ட்ராக்டர்தான். கான்ட்ராக்டர் பேப்பரில் கையெழுத்துப் போட்டார், ஏணியில் நின்றது அப்பா. அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாத சுவர் கிடையாது.

"ஒரு கிளாசுக்கு நாலு சீலிங் பேன். எல்லாம் புதுசு. மூணாம் நம்பர்ல வெச்சா புத்தகமே பறக்கும்லா."

"படிக்கப் போற எடத்துல புத்தகம் எதுக்குப்பா பறக்கணும்?"

"டவுன் பள்ளிக்கூடம் கிழட்டு வயரிங். மழை பேஞ்சா சுவிட்சத் தொடாத, சொல்லிட்டேன்."

ஒரு சனிக்கிழமை இரண்டு பள்ளியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பாவும் நானும் கிளம்பினோம். டவுன் பள்ளி ஹாலில் ஓர் ஆசிரியை எங்களை உட்கார வைத்து, நூலகம், ஆய்வுக்கூடம், போன வருஷத் தேர்ச்சி என்று அருமையாகப் பேசினார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலின் ஓரத்தில் ஒரு பேன் ஓடாமல் நின்றது. அவருக்கு அது ஒன்று போதும். ஆசிரியை பேசி முடித்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அப்பா எழுந்து நின்று, மெயின் சுவிட்ச் பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்துப் பள்ளியில் அப்பா வேறு ஆள். கேட் காவலுக்கு நின்ற ஜாகா அண்ணன் கையைத் தூக்கி சலாம் போட்டார். புது வீட்டுக்கு விருந்தாளியைக் கூட்டிப் போகிறவர் மாதிரி என்னை அறை அறையாகக் கூட்டிப்போய், ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டினார். பேன் சுற்ற ஆரம்பித்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஜன்னலைப் பார்ப்பேன். கடைசி வகுப்பில் நடு வரிசை மேசை ஒன்றைத் தட்டி, "இங்க உக்காந்தா காத்து நேரா வரும்" என்றார். அந்த நேரம் பார்த்து பழைய ஆசிரியர் ஒருவர் வராந்தாவில் போனார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "ஓ, காசுட்! திரும்பி வரியா?" என்றார். அப்பாவுக்கு அந்தப் பெயரின் கதை தெரியாது, ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டார். "பாத்தியா, இத்தன பிள்ளைங்கள்ல உன்ன மறக்கல" என்று வேன் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் செய்த வேலையின் கீழே நீ உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே தோற்றிருப்பேன். அவர் பேனைப் பற்றி மட்டும் பேசினார். நான் பஸ் ரூட், நூலகம், அது இது என்று பொய்க் காரணமாக அடுக்கினேன். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, பாரம் திங்கட்கிழமை போக வேண்டும். காலையில் அம்மா கரண்டியை சிங்கில் போட்ட சத்தத்திலேயே அடுத்து உத்தரவு வரப்போகிறது என்று தெரிந்தது.

"போதும். இன்னிக்கு முனீஸ்வரர் கோயில்ல பூப்போட்டுப் பாத்துரலாம். சாமி சொன்னா சொன்னதுதான். அப்புறம் யாரும் வாயத் திறக்கக் கூடாது."

சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் முடிவு. அம்மாவின் கல்யாணமே அப்படி முடிவானதுதான். அவள் பாகான் செராய்க்காரி. அவளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு இடம் வந்தது: சிலிம் ரிவரில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணி, ஈப்போவில் ஒரு வயர்மேன். தாத்தா பூப்போட்டுப் பார்த்தார், வயர்மேன் வந்தார். மற்றப் பொட்டலத்தை அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இருபது வருஷமாக அம்மாவுக்கு அது ஒரு குறை. அப்பா எதையாவது உடைத்துவிட்டால், "அந்தப் பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்திருக்கணும்" என்பாள். "அதுலயும் நாந்தான் இருந்திருப்பேன்" என்பார் அப்பா.

பொட்டலம் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. தலைக்குக் குளித்துவிட்டு நானே செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். சிவப்பு அரளி எங்கள் வீட்டிலேயே இருந்தது. வெள்ளை அரளி பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் வேலியோரம், அவரிடம் கேட்டுப் பறித்து வந்தேன். சிவப்புக்கு டவுன், வெள்ளைக்குத் தோட்டம் என்று பேச்சு.

நான் சாமிக்குப் பயந்தவள்தான். ஆனால் காசுட் என்ற பெயருக்கு அதைவிடப் பயந்தவள். வாழையிலைத் துண்டு இரண்டை எடுத்தேன். முதல் துண்டில் சிவப்பு அரளியை வைத்துக் கட்டினேன். வெள்ளை அரளியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதைப் பின்பக்கச் சாக்கடையில் போட்டுவிட்டு, இன்னொரு சிவப்பு அரளியைப் பறித்து வந்து இரண்டாவதையும் கட்டினேன். சாமிதான் முடிவு செய்ய வேண்டும் என்றாள் அம்மா. அவர் சிரமப்படாமல் முடிவு செய்ய ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு பொட்டலத்தையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு, துணி இஸ்திரி போட மாடிக்குப் போய்விட்டேன்.

ஐந்து மணிக்கு அப்பா வேலையிலிருந்து வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாடி ஜன்னல் வழியே பார்த்தால், ஆன்ட்டி வீட்டு வேலியருகே நின்று அவருடைய தானாகத் திறக்கும் ஆட்டோ கேட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டு வயரைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

முனீஸ்வரர் கோயில் தாமானின் முனையில் இருக்கிறது. இந்தப் பக்கம் பெட்ரோல் ஸ்டேஷன், அந்தப் பக்கம் கார் கழுவும் கடை. பூசாரி அண்ணன் பகலில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். பூஜையும் அதே வேகத்தில்தான் நடக்கும்.

"என்னக்கா, கல்யாண விசயமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"பள்ளிக்கூடம்ணே. ரெண்டுல ஒண்ணு."

"எது நல்ல பள்ளிக்கூடம்?"

"டுவா-டுவா சாமாண்ணே."

"அப்ப எதுக்குக்கா சாமியத் தொந்தரவு பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே கற்பூரத்தை ஏற்றினார்.

பொட்டலங்களைத் தட்டில் போட்டுக் குலுக்கி, சாமி காலடியில் வைத்தார். பொங்கல் வாங்கத் தன் அம்மாவோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார். அவள் மிகவும் யோசித்து, கையை இங்கேயும் அங்கேயும் கொண்டுபோய், நெய் விரலோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் படபடப்பே இல்லை. படபடப்பாக இருப்பது போலத் தாவணியைத் திருகிக்கொண்டு நின்றேன். பூசாரி பிரித்தார். சிவப்பு. நான் வாயைப் பிளந்து, கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடித் திறந்தேன். ரொம்ப நன்றாகத்தான் நடித்தேன். அப்பா மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அண்ணே," என்றாள் அம்மா. "அந்தப் பொட்டலத்தையும் பிரிங்க."

இரண்டாவது பொட்டலத்தைக் கார் கழுவும் கடைச் சாக்கடையில் போடத் திட்டம் வைத்திருந்தவள் நான்.

"அம்மா, அதெல்லாம் பிரிக்கக் கூடாதும்மா. சாமி கோவிச்சுக்கும்."

"இருபது வருசமா நான் கோவிச்சுக்கிட்டு இருக்கேன், எனக்கு என்ன பதில்? பிரிங்கண்ணே."

பூசாரி நூலை இழுத்தார். இலை விரிந்தது. உள்ளே வெள்ளை அரளி.

என் கையால் கட்டிய பொட்டலம். வெள்ளைப் பூ சாக்கடையோடு போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முனீஸ்வரரை நிமிர்ந்து பார்த்தேன். மீசையும் அரிவாளுமாக அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பௌதிகத்தில் முதலாவதாக வந்த பெண், இரண்டு கையையும் கூப்பினேன். மூன்று தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். போதாது என்று தோன்ற, ஐந்தாக்கினேன்.

"என்னாம்மா இது, இலைக்குப் பிளாஸ்டரா?" என்றார் பூசாரி.

இலையைத் தூக்கிப் பிடித்தார். உள்பக்கம் ஒரு கிழிசல், அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். வயர்மேன் டேப். எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டிலிருந்து என் பழைய குடை வரைக்கும் ஒட்டியிருக்கிற அதே டேப்.

"எல்லாம் இவ வேலதான். ஒரு பொட்டலம் ஒழுங்கா கட்டத் தெரியாது" என்றாள் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கோயில் டியூப் லைட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "சோக் போவப் போவுதுண்ணே. நாளைக்கு வந்து மாத்தித் தாரேன்" என்று பூசாரியிடம் சொன்னார்.

அம்மா பொங்கல் வாங்க நின்றுவிட, அப்பாவும் நானும் வேனில் போய் உட்கார்ந்தோம். அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், கரண்ட் பார்க்கிற டெஸ்ட் பேனா. அதை ஒட்டி ஒரு வெள்ளை அரளி, வாடித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது.

"பையில என்னப்பா பூ?"

குனிந்து பார்த்தார். "ஆன்ட்டி வீட்டுப் பூ."

"எதுக்கு?"

"மிச்சம்."

எதிரே ஒரு காருக்கு நுரை பூசிக்கொண்டிருந்தார்கள்.

"உன் கட்டு சரியில்ல பாப்பா. இழுத்த ஒடனே வந்துருச்சு."

"நீங்க ஏன்ப்பா இழுத்தீங்க?"

"நீ ஏன் ரெண்டுலயும் செவப்பு வெச்ச?"

நுரை பூசிய காரைப் பார்த்தேன். அப்பாவும் அதைத்தான் பார்த்தார்.

"நானும் யோக்கியம் இல்லலா," என்றார். "ரெண்டுலயும் வெள்ளைய வெச்சுக் கட்டிட்டேன். அதுக்குள்ள உங்கம்மா டீ குடிக்கக் கூப்பிட்டா. குடிச்சேன். மனசு கேக்கல. நீ சாமியையே ஏமாத்தப் பாத்திருக்க, அப்ப அந்தப் பள்ளிக்கூடம்னா உனக்கு எவ்ளோ ஆசை இருக்கணும். திரும்ப ஒண்ணப் பிரிச்சு ஒன் பூவ வெச்சேன். வெச்சுட்டு, சரியா இருக்கான்னு இன்னொண்ணயும் பிரிச்சுப் பாத்தேன். அது கிழிஞ்சிருச்சு."

"அப்படீன்னா ரெண்டுலயும் செவப்பையே விட்டிருக்கலாமேப்பா."

"எனக்கும் ஆசை இருந்துச்சுல்ல," என்றார் அப்பா. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

அவர் ஆசை என்கிற சொல்லை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் டவுனும் வேண்டாம், தோட்டத்துக்கே போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வரவில்லை, அதுதான் உண்மை. அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை நான். அம்மா வந்து ஏறினாள். மடியில் பொங்கலை வைத்துக்கொண்டு, "இருபது வருசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கு. ரெண்டு பொட்டலத்துலயும் வேற வேற பூதான் இருக்கும்லா. சாமி விசயத்துல பொய் இருக்காது" என்றாள். அப்பா வேனைக் கிளப்பினார். இன்று வரை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை.

டவுன் பள்ளிக்கு முதல் நாள் போனேன். அந்தப் பெரிய மரத்தடியில், புதுச் சீருடையில், யாருக்கும் தெரியாத பெண்ணாக ஒரு இருபது அடி நடந்திருப்பேன்.

"ஓய், காசுட்!"

தோட்டத்துப் பள்ளியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த பெண். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என்னைத் தவிர இங்கே யாரையும் தெரியாது, நல்ல வேளை நீ இருக்கிறாய் என்று கண் கலங்கினாள். இடைவேளைக்குள் வலது ஷூவின் கதை வகுப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்கா முனீஸ்வரரை ஏமாற்றப் பார்த்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். ஐந்து மணிக்கு முன்னால் வராத அப்பா நாலரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆசிரியர் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று எதையும் அவர் கேட்கவில்லை.

"பேன் ஓடுதா?" என்றார்.

எங்கள் வகுப்பில் நாலு பேன். நாலும் ஓடின, சத்தமே இல்லாமல். மூன்றாம் நம்பரில் வைத்தபோது என் கணக்குத் தாள் நிஜமாகவே பறந்து பின் வரிசைக்குப் போனது.

"ஒண்ணுகூட ஓடலப்பா" என்றேன். "சுவிட்சு வேற சுடுது."

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நான் சொன்னேன்ல!" என்று அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். "ஏய், கேட்டியா? ஒண்ணுகூட ஓடலையாம்! சுவிட்சு சுடுதாம்!" என் எஸ்.பி.எம். முடிவு வந்த அன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

படிப்பு முடிகிற வரைக்கும், ஒன்றரை வருஷம், அந்த நாலு பேனில் ஒன்றைக்கூட நான் எங்கள் வீட்டுப் பேச்சில் ஓடவிடவில்லை.